பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை

கும்மிடிப்பூண்டி
11.3.2024

அன்புத் தங்கச்சி சோனியாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் இரக்கத்தில் நானும் சாம்சன் மாமாவும் ஜெனியும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ அத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதை அம்மா போனில் சொன்னாள். ஆட்டோவை விட்டு இறங்கும்போது நீ சிரித்தாய் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு ஆபீஸ் ரூமிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

உனக்குக் காது கேட்காமல் போன பிறகு போன் பண்ணி என்ன பயன்? செல்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று டாக்டர் அதையும் வேண்டாம் என்றாராமே. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, பிழை இருந்தால் சிரிக்காதே.

கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற யார் வருகிறார்கள்? மூன்று விரல் போனதோடு விட்டதே, பாதம் தப்பியதே என்று நினைத்துக்கொள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். மாமாவிடம் சத்துமாவும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஹாஸ்டலில் உன் அறையில் இருந்த பெண்களுக்கெல்லாம் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். உன்னை வந்து பார்க்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் புது பேட்ச் பெண்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். வார்டன் நான் இல்லாமல் அரை நாள்கூட ஹாஸ்டல் நடக்காது. நீயே அங்கே இருந்தவள், உனக்குத் தெரியாததா?

நடந்ததில் யார் மேலும் தப்பு இல்லை. அதை மட்டும் மனதில் வை.

உன் அக்கா
ஹெலன்


அத்திப்பட்டு
19.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சியின் ஸ்தோத்திரம். மாமாவைக் கேட்டதாகச் சொல். ஜெனிக்கு ஒரு முத்தம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. காதுக்குள் சத்தமே இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பெனியில் கம்ப்ரஸர் ஓடுமே, அந்த மாதிரி ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்துதான் ஒன்றும் வருவதில்லை. எழுந்து நின்றால் தரை சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அம்மா முதலில் கத்திப் பார்த்தாள், இப்போது கையால் சொல்கிறாள். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரே மாதிரி வாயைக் காட்டுவதால், நான் தண்ணீர் எடுத்து வைத்தால் அவள் தட்டோடு வருகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எனக்கு எழுதிக் காட்டினார். என்னைப் பிடித்தது மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியாம். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்விலும் ரத்தத்திலும் ஏறிவிட்டதாம். ஒரே அறையில் நெருக்கமாக இருப்பவர்களுக்கு எச்சில், இருமல் வழியாக வருமாம். உனக்கு முன்னால் அறையில் யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் லோகு டெங்குவில் செத்துப்போனாள் என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி, அம்மா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

லோகுவுக்கும் தலைவலி, வாந்தி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காலில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக வந்தது. அடுத்த வாரம் எனக்கும் அதேதான். அது டெங்கு என்று எங்களிடம் வந்து சொன்னது நீ. உன்னிடம் யார் சொன்னார்கள்?

எப்போது வருகிறாய்? ஒரே ரயில்தானே அக்கா. பொன்னேரி, மீஞ்சூர் தாண்டினால் அத்திப்பட்டு.

உன் அன்புத் தங்கச்சி
சோனியா


கும்மிடிப்பூண்டி
17.4.2024

அன்புச் சோனியாவுக்கு,

உயிர்த்தெழுந்தவர் உன்னையும் எழுப்பி நடக்க வைப்பார். நாங்கள் சுகம். ஜெனிக்கு மட்டும் கொஞ்சம் சளி.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பரிசுத்த வாரம் முழுவதும் சர்ச் வேலை, அதற்குப் பிறகு ஜெனிக்குப் பரீட்சை. ஈஸ்டருக்கு அவளுக்கு மஞ்சள் கவுன் எடுத்தோம். சித்திக்குக் காட்ட வேண்டும் என்று கழற்றவே மாட்டேன் என்றாள். உனக்கும் ஒரு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறேன், பச்சையில். வெயில் இங்கே நெருப்பாகக் காய்கிறது. உருக்கு ஆலைப் பக்கம் நடக்கவே முடியவில்லை.

நல்ல சேதி ஒன்று. காண்ட்ராக்டர் துளசிராமன் சார் உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார். உட்கார்ந்தே பார்க்கிற வேலையாக ஸ்டோரில் போட்டுத் தருகிறேன் என்று வாயாலேயே சொன்னார். காது கேட்காத பெண்ணுக்கு வேறு யார் இப்படிச் செய்வார்கள்? அதற்கு முன்னால் ஒரு தாளில் உன் கையெழுத்து வேண்டுமாம். மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பொங்கல் லீவுக்கு நீ ஊருக்குப் போனதாகவும், திரும்பி வரும்போதே காய்ச்சலோடு வந்ததாகவும் அதில் இருக்கும். இன்ஷூரன்ஸுக்கு அப்படிக் கேட்கிறார்களாம். நீ ஒன்றும் யோசிக்காதே.

மருந்தை விடாமல் சாப்பிடு.

உன் அக்கா
ஹெலன்


அத்திப்பட்டு
24.4.2024

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஜெனிக்குச் சளிக்கு ஓமம் போட்டுக் காய்ச்சிக் கொடு. நான் இப்போது சுவரை விட்டுவிட்டு வாசல்வரை நடக்கிறேன்.

மாமா வந்து தாளைக் கொடுத்தார். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அம்மா அவர் பின்னாலேயே தெருமுனைவரை போனாள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் கையை ஆட்டுகிறாள்.

தாளைப் படித்தேன். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை அக்கா. லீவில் வேலை பார்த்தால் டபுள் சம்பளம் என்று நின்றுவிட்டேன். ஹாஸ்டலில் நானும் இன்னும் சில பேரும்தான். நீதான் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாய். காய்ச்சல் எனக்கு வந்தது லோகுவை அடக்கம் செய்த பிறகு. அவள் தலைவலியில் துடித்த சாயங்காலம் அவள் தலையை மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். அவள் குடிக்க முடியாமல் வைத்த காபியை வீணாக்க வேண்டாமென்று நானே குடித்தேன்.

இப்படி எழுதியிருப்பது சரிதானா? அப்பா போனதற்குப் பிறகு நீ படிப்பை விட்டு வேலைக்குப் போய் என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாய். நீ எனக்குக் கெட்டது சொன்னதில்லை. நீ போடு என்றால் போடுகிறேன். ஆனால் லோகுவைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே. மறந்திருப்பாய். அவளுக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்னார்?

தங்கச்சி
சோனியா


கும்மிடிப்பூண்டி
29.4.2024

சோனியாவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் அனுப்பு. மாமாவுக்குக் கம்பெனி வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, மறுபடி வர முடியாது. ஆபீஸில் தினமும் கேட்கிறார்கள். நாளாக நாளாக ஸ்டோர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

லோகு விஷயம் முடிந்துபோன விஷயம். டெங்கு என்றுதான் சொன்னார்கள். இனிமேல் அதைக் கேட்காதே.

அக்கா
ஹெலன்


அத்திப்பட்டு
8.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விரல்கள் இன்னும் மரத்துப்போய் இருப்பதால் எழுத்துக் கோணலாக இருக்கும். என் கையெழுத்துதான் என்று சொல். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்டாய், போட்டேன். இனி டெங்குதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுடிதாரை நீயே கொண்டு வா. யாரிடமும் கொடுத்தனுப்பாதே.

உன் தங்கச்சி
சோனியா


கும்மிடிப்பூண்டி
14.5.2024

என் செல்லச் சோனியாவுக்கு,

நீ நீடூழி வாழ வேண்டும். உன் கவர் வந்ததும் துளசிராமன் சார் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல பெண் என்று சொன்னார். ஜூலையில் சேர்ந்துகொள்ளலாமாம். என் வீட்டிலேயே தங்கிக்கொள், ஜெனியோடு படுத்துக்கொள்ளலாம். காதுக்கு ஏதோ மிஷின் ஆபரேஷன் பண்ணி வைக்கிறார்களாம், அதைப் பற்றியும் சென்னையில் விசாரிக்கச் சொல்கிறேன் என்றார்.

நேற்று உனக்குப் பிடிக்குமே என்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஏனோ தெரியவில்லை. இப்போதெல்லாம் தூக்கமும் சரியில்லை. வெயில் சூடாக இருக்கும்.

சீக்கிரம் வருகிறேன். நிச்சயம் வருகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்
அக்கா ஹெலன்


அத்திப்பட்டு
23.6.2024

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். ஜெனி சுகமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். லோகுவின் அண்ணன் பரசுராமன். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்திருக்கிறார். உரக்கடையில் வேலை செய்கிறவர், ஒல்லியான ஆள். மூக்கு அப்படியே லோகு. அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் என் நோட்டை வாங்கி எழுதினார். அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"பொங்கலுக்கு நீ ஊருக்குப் போயி காய்ச்சலோட ஹாஸ்டலுக்கு வந்தியாமே. உங்கிட்டருந்துதான் எந்தங்கச்சிக்கு வந்துச்சுன்னு கம்பெனில சொல்றாங்க. நீயே கையெழுத்துப் போட்ட தாளக் காட்னாங்க. நெசமா?"

அந்தத் தாள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. லோகுவைக் கொன்றவள் நான் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை என்று பெரிதாக எழுதினேன். அம்மாவைக் காட்டி, இவளைக் கேளுங்கள் என்றேன். அம்மா தலையசைத்தாள்.

அப்புறம் அவர் பையிலிருந்து லோகுவின் ஆஸ்பத்திரித் தாளை எடுத்தார். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் சமீபத்தில்தான் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். என் தாளில் இருக்கும் அதே நோய் அதில் இருக்கிறது அக்கா. அதே பெயர். டெங்கு என்ற வார்த்தையே இல்லை.

அவர் இன்னும் எழுதினார். லோகு போன அன்றைக்கு ஐசியூ வாசலில் டாக்டர் உன்னைக் கூப்பிட்டாராம். கூட அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கே தடுப்பு மாத்திரை போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். மாத்திரை போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், யாரும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாராம். நீ சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாயாம். பிணத்துக்காகக் காத்திருந்த தனக்கு அன்றைக்கு எதுவும் ஏறவில்லை, இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது என்றார்.

அதை அவர் அம்மாவிடம் வாயாலும் சொல்லியிருக்க வேண்டும். அம்மா ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முகம் மாறியது. எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினேன். அவர் எழுத மறுத்து அம்மாவைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துப் பேனாவை வைத்தேன். அம்மா சொன்னது இது.

"அந்த வாரம் நான் கும்மிடிப்பூண்டில பெரியவ ஊட்லதான் இருந்தேன். கொழந்த ஒண்ணுக்குச் செவப்பா போவுதுன்னு அழுதுக்கினு இருந்துச்சு. சத்து மாத்திரை குடுத்தேன், அதாம்மான்னு ஹெலன் சொல்லிச்சு."

அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பெண்ணைப் பெற்றவள், எந்தப் பக்கம் பேசுவாள்?

நீ போட்டுக்கொண்டாய். மாமா போட்டுக்கொண்டார். ஜெனிக்குக் கொடுத்தாய், அது சரி, குழந்தை. மேல்மாடியில் லோகுவின் பக்கத்துக் கட்டிலில் நான் படுத்திருந்தேன். அது உனக்குத் தெரியும். எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

சோனியா


அத்திப்பட்டு
28.7.2024

அக்காவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

திருவள்ளூரில் விசாரணை நடக்கிறது. பரசுராமன் கொடுத்த மனுவின் பேரில்தான். அந்தத் தாள் பொய் என்று நான் போய்ச் சொல்லப் போகிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சோனியா


கும்மிடிப்பூண்டி
30.7.2024

என் தங்கமே சோனியா,

உன் காலில் விழுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

சீட்டை நேராகத் துளசிராமன் சாரிடம்தான் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டு, எங்களுக்கு டாக்டர் இருக்கிறார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு பொண்ணு வாயத் தொறந்தா நாளைக்குக் காலைல ஹாஸ்டல் காலி. அப்பறம் உனக்கும் ஊடு இல்ல, உன் ஊட்டுக்காரனுக்கும் வண்டி இல்ல. பாத்துக்க." அவரே மாத்திரை வாங்கி வந்து எங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுத்தார். நான் லோகுவைத் தூக்கி வண்டியில் ஏற்றியவள். பயந்துபோய் விழுங்கினேன்.

உன்னை நான் மறந்தேன் என்று நினைக்காதே. உன் பங்கைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு உங்கள் மாடிப்படிவரை வந்தேன். நீங்கள் எல்லாரும் லோகுவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள். உன் குரல் கேட்டது. படியிலேயே நின்றேன். உனக்குக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாய். சொன்னால், மற்றவர்களுக்குக் கொடுக்காமல் நீ வாயில் போட மாட்டாய். எல்லாரிடமும் சொல்லிவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியும். இறங்கி வந்துவிட்டேன். உனக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? உன் அறையில் வேறு யாருக்கும் வரவில்லையே.

நீ திருவள்ளூருக்குப் போனால் துளசிராமன் சார் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவார். ஜெனியை நினைத்துப் பார். உனக்காக நான் ஸ்கூலை விட்டதை நினைத்துப் பார். நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறு நான் கட்டாயம் வருகிறேன்.

உன் பாவப்பட்ட அக்கா
ஹெலன்


அத்திப்பட்டு
22.9.2024

அக்காவுக்கு,

அம்மா சுகம். எனக்கும் நடை தேறிவிட்டது. ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டால் பஸ் ஏறி இறங்க முடிகிறது.

இந்தத் தடவைதான் உன் பதில் சீக்கிரமாக வந்தது. நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சாப்பிடாமல் காத்திருந்தோம். நீ வரவில்லை.

திருவள்ளூருக்கு அம்மாவும் என்னோடு வந்தாள். விசாரித்த அம்மையார் கேள்விகளை எனக்கு எழுதிக் காட்டினார், பொறுமையாகத்தான் கேட்டார். பொங்கலுக்கு ஹாஸ்டலில்தான் இருந்தேன், கையெழுத்து என்னுடையது, அதில் இருப்பது பொய் என்று எழுதினேன். மாத்திரை விஷயம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். துளசிராமன் பெயரை எழுதினேன். இன்னும் யாருக்கு என்றார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பெயரை எழுதினேன்.

வெளியே வந்ததும் பரசுராமன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் தங்கச்சி டெங்குவில் செத்தாள் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நேற்று மாமா வந்திருந்தார். நீ பயந்த மாதிரியே நடந்துவிட்டதாம். வார்டன் மறைத்துவிட்டாள், எனக்குத் தெரியாது என்று துளசிராமன் சொல்லிவிட்டாராம். விசாரணை இன்னும் முடியவில்லை, அவரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் உன் வேலையையும் மாமாவின் வண்டியையும் பிடுங்கிவிட்டாராம். வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். மாமா அழுதார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்று தலையசைத்தேன். நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறோம். ஜெனிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டாயிற்று, டி.சி.யை மறக்காமல் வாங்கி வா.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மாடிப்படிவரை வந்து இறங்கிப் போனாய் என்பதை நான் திருவள்ளூரில் எழுதிக் கொடுக்கவில்லை. பரசுராமனிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. எல்லாரிடமும் சொல்லிவிடுகிறவள் என்று என்னை நினைத்தாயே, இதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். வெளியே சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நீ வந்த பிறகும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். நீ பேசினால் எனக்குக் கேட்கப்போவதில்லை. எழுதிக் காட்டாதே.

மீஞ்சூரில் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், சாயங்காலம்தான் திரும்புவேன். வீட்டுச் சாவி அம்மாவிடம் இருக்கும்.

இப்படிக்கு
சோனியா